பல்லவன், பணியாரம், பட்டன் செல்!

‘சம்மருக்கு காரைக்குடியா? செட்டிநாடு சமையல் கத்துக்கப் போறியாடா?’ - ஹாஸ்டலே கலாய்ச்சுது. ரூம்மேட்ஸ் எல்லாரும் பெங்களூருவில் சாஃப்ட்வேர் ட்ரெயினிங். நான் மட்டும் எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். ‘ஐ.டி-யில உட்கார்ந்துடுப்பா’ன்னு அப்பா சொன்னது காதிலேயே ஓடிக்கிட்டிருந்தது.

மறுநாள் காலை, வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் முடிச்சுட்டு ஆட்டோ பிடிச்சேன். ‘சிக்ரி’ன்னதும் டிரைவர் அண்ணன் மறுகேள்வி கேட்கலை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஊருக்குள்ள அதுதான் பேர். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அள்ளிக் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறப்பு விழா!

லேபில் ஆய்வு மாணவி அக்கா ஒருத்தர், ஒரு ரூபாய் நாணயம் சைஸில் பட்டன் செல் ஒன்றைக் காட்டினார். “உன் செல்போன் பேட்டரியோட நெகட்டிவ் பக்கம் கிராஃபைட். பென்சில்ல இருக்கிற அதே சமாச்சாரம். கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணிதான் தாங்கும். சிலிக்கான் அதுமாதிரி ஒன்பது மடங்கு!”

“அப்ப சிலிக்கானையே போட்டுடலாமேக்கா?”

சிரிச்சுக்கிட்டே ஒரு கிராஃபைக் காட்டினார். சறுக்குமரம் மாதிரி சர்ருனு இறங்குது! சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூணு மடங்குக்கு மேல உப்பும், இறங்கும்போது சுருங்கும். நாலு தடவை இப்படி நடந்தா நொறுங்கிடும். அதனால சிலிக்கானை நானோ துகளாக்கி, கிராஃபீன் தாளில் சுத்துறாங்க. இல்லேன்னா கார்பன் நானோ குழாய் வலைக்குள்ள வைக்கிறாங்க. கார்பன் வளைஞ்சும் கொடுக்கும், கரன்ட்டையும் கடத்தும். இந்தக் கூட்டணிதான் ஹைபிரிட்!

எரிபொருள் கலனிலும் கார்பன்தான் தாங்குது. தங்கம் மாதிரி காஸ்ட்லியான பிளாட்டினத்தை நானோ துகளாக்கி, கார்பன் பொடி மேல பரப்புறாங்க. பிளாட்டினத்தையே குறைக்க, கார்பனுக்குள்ள நைட்ரஜனும் இரும்பும் சேர்க்கிற ஆராய்ச்சியும் நடக்குது.

அடுத்து என் முறை. லித்தியத்துக்கு ஈரம் ஆகாது. ஆர்கான் வாயு நிரப்பின கண்ணாடிப் பெட்டிக்குள்ள, தடி ரப்பர் கையுறையோட வேலை. ஒரு மெல்லிய தாளை இடுக்கியால் எடுத்து வைக்கவே கால் மணி நேரம்!

“இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமாக்கா?”

“உன் வயசுல நானும் இதைத்தான் கேட்டேன். முதல்ல செல்லை மூடு தம்பி!”

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. ‘என் செல் உயிரோட இருக்காக்கா?’ன்னு மெசேஜ் போட்டேன். ‘ஓடுது தம்பி!’ - பதில் வந்துடுச்சு.

இன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட பேசணும்.