காலாற நடக்க மட்டக்களப்பு

மாங்கேணிப் பெண்களிடம் மட்டக்களப்பு நகரத்தில் எந்தெந்த இடம் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பெரியாஸ்பத்திரி, நீதிமன்றம், கச்சேரி, மறியற்சாலை, மனித உரிமைகள் ஆணைக்குழு என்று வரிசையாகச் சொல்வார்கள். எத்தனையோ வருடமாக அந்த நகரத்துக்குப் போய் வருகிறவர்கள்தான். ஆனால் போனதெல்லாம் கையில் பைலோடு. வாழைச்சேனையில் பஸ் மாறி, வரிசையில் நின்று, கையெழுத்து கிடைத்தோ கிடைக்காமலோ கடைசி பஸ்ஸுக்கு ஓடி வருவதுதான் அவர்கள் அறிந்த மட்டக்களப்பு. வாவியைப் பார்த்தது பஸ் ஜன்னலால் மட்டுமே.

எந்த அலுவலும் இல்லாமல் ஒரு நாள் போய் அங்கே நடந்துவிட்டு வருவோமா என்று எமது மாதாந்தக் கூட்டத்தில் நான் கேட்டபோது வயதான அம்மா ஒருவர் சிரித்தார். "நடக்கிறதுக்கா காசு குடுத்து பஸ்ஸில போற? நாம நடந்தது காணாதா மகள்?"

அவர் சொன்ன நடை எதுவென்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்போது மாங்கேணியில் இராணுவ முகாம். அதற்கு வடக்கே வாகரைப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில். 2006 மார்கழியிலும் 2007 தையிலும் அங்கிருந்த சனம் ஷெல்லுக்குத் தப்பிக் காட்டு வழியாலே ரிதிதென்னைக்கும் வாழைச்சேனைக்கும் வந்து சேர்ந்தது. இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை. அந்த நடைக்குப் பிறகு, நடப்பது ஒரு சந்தோசம் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

வந்தாறுமூலையில் நான் சமூகவியல் படித்த காலத்தில் ஆய்வுப் படிவங்களில் ஒரு கேள்வி இருக்கும்: "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" எமது பெண்களிடம் அதைக் கேட்டால் பாய் இழைப்பேன், கிடுகு பின்னுவேன் என்பார்கள். அவர்கள் அகராதியில் ஓய்வு என்பது உட்கார்ந்து செய்யும் வேலை. ஆகவே இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டு வருகிறோம் என்று பலர் வீட்டில் சொன்னார்கள். கணவனை இழந்தவள் ஊர் சுற்றுகிறாள் என்று பேசுகிற வாய்கள் கோயில் என்றால் மூடிக்கொள்ளும். எத்தனையோ பெண்களை வெளியே அனுப்பிவைத்த சாமி அவர். அதற்காகவே அவருக்கு ஒரு தேங்காய் கூடுதலாக உடைக்கலாம்.

மாசி மாதம் மழை விட்ட பிறகு 11 பேர் போனோம். பஸ் நிலையத்தில் இறங்கி முதலில் வாவிக்கரையில் உள்ள காந்திப் பூங்காவுக்குப் போனோம். பக்கத்திலேயே 1814இல் இங்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட்டின் சிலை. அங்கிருந்து கோட்டை அதிக தூரமில்லை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற் கோட்டை இதுதான். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி, நான்கு மூலையிலும் கொத்தளம். பீரங்கிகள் இன்னும் வாவியைப் பார்த்தபடி இருக்கின்றன.

இதெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது எம்மில் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கச்சேரி நீண்ட காலம் இந்தக் கோட்டைக்குள்ளேதான் இயங்கியது. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக அவர் இந்த வாசலுக்கு எத்தனை தரம் வந்தார் என்பது அவருக்கே கணக்கில்லை. "நீங்க போய்ப் பாத்திட்டு வாங்க. எனக்கு உள்ளுக்க என்ன இரிக்கி எண்டு தெரியும்" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. இன்னொருவர் அவரோடு அகழிக்கரையில் நிழலில் இருந்தார். கோட்டை எல்லோருக்கும் பழைய கல் அல்ல. உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

கோட்டையை விட எம் பெண்களுக்குப் பிடித்தது கல்லடிப் பழைய பாலம். நகரத்திலிருந்து வாவியைக் கடந்து கல்லடிக்குப் போகும் இரும்புப் பாலம். ஆங்கிலேயர் காலத்து ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் சீமாட்டி மானிங் பாலம் என்பார்கள். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்ட பின் பஸ்ஸும் லொறியும் அதிலே போகின்றன. பழைய பாலம் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் தூண்டில் போடுபவருக்கும் மிஞ்சியது. மேடு பள்ளம் இல்லை. இரு பக்கமும் கம்பி. களைத்தால் பிடித்துக்கொண்டு நிற்கலாம். செயற்கைக் கால் போட்ட ஒருவர் எம்மோடு வந்தார். அன்று முழுவதும் தனக்கு லேசாக இருந்த இடம் இதுதான் என்றார்.

அங்கே ஒன்றைக் கவனித்தேன். பாலத்தில் ஏறும்வரை 11 பேரும் ஒருவர் பின் ஒருவராக, வழியின் நடுவால்தான் வந்தார்கள். பேசுவதென்றாலும் திரும்பித் திரும்பித்தான் பேச்சு. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் ஓரத்தில் நின்ற காலத்தில் பழகிய நடை அது. முன்னால் போனவர் மிதித்த இடத்திலேயே மிதிக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடிகள் முற்றாக அகற்றப்பட்டுவிட்டதாக 2017இல் அறிவித்தார்கள். காலுக்கு அந்த அறிவித்தல் இன்னும் போய்ச் சேரவில்லை. பாலத்தின் நடுவுக்கு வந்தபோது, யாரும் சொல்லாமலே, மூன்று மூன்று பேராகப் பக்கத்தில் சேர்ந்து நடந்தார்கள். இரும்புக்குக் கீழே தண்ணீர்தானே. "ஆத்தக் கொஞ்ச நேரம் பாப்பம்கா" என்று ஒருவர் நின்றார். எல்லோரும் நின்றோம். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

பாலம் கடந்தால் கல்லடி உப்போடை. 1947இல் காலமான சுவாமி விபுலானந்தரின் சமாதி இங்கேதான், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தோடு. மரநிழலும் அமைதியும் உண்டு. தண்ணீர் குடித்து இளைப்பாற நல்ல இடம். அங்கிருந்து கடற்கரைக்குப் போகும் வீதிகளும் சமதரைதான். கரையில் திருச்செந்தூர் முருகன் கோயில். 2004 மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்தபோது சரிந்த கோபுரம் சரிந்தபடியே நிற்கிறது.

அதற்கு அப்பால் நாவலடி. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக ஒடுங்கிய மணல் நிலம். அன்று இரண்டு தண்ணீரும் ஒன்றாகிய இடம். தப்பிய குடும்பங்களுக்குப் பிறகு திராய்மடுவில் வீடு கொடுத்தார்கள். வாகரைக் கரையிலும் அதே அலைதான் வந்தது. ஆகவே நாவலடிக்குப் போவதா என்று கோயில் மண்டபத்தில் இருந்து பேசினோம். ஐந்து பேர் போனார்கள், ஆறு பேர் போகவில்லை. நான் போகாதவர்களோடு இருந்து கச்சான் கடலை சாப்பிட்டேன். மணலில் செயற்கைக் கால் புதையும் என்பதும் ஒரு காரணம்.

இன்னொரு நாள் வெளிச்சவீட்டுக்குப் போனோம். நகரத்திலிருந்து சுமார் 5 கிலோமீற்றர், பார் வீதியால் பாலமீன்மடுவுக்கு. முழுவதும் நடக்க வேண்டியதில்லை. முதலில் மாமாங்கேஸ்வரர் கோயில், பிறகு ஓட்டோவில் ஏறி, கடைசித் துண்டை மட்டும் நடந்தோம். வீட்டில் சொன்ன காரணமும் பொய்யாகவில்லை. ஆடி அமாவாசைக்குச் சனம் நெருக்கும் மாமாங்கத் தீர்த்தக்குளம் சாதாரண நாளில் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைப் பலர் அன்றுதான் கண்டார்கள்.

வெளிச்சவீடு 1913இல் கட்டியது. 28 மீற்றர் உயரம். சுற்றிவர வாவியின் கிளைகளும் கண்டற் காடும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் இதற்குப் பக்கத்தில். மாரியில் வெள்ளம் ஏறும்போது மணலை வெட்டி ஆற்றைக் கடலுக்கு விடுவார்கள். கண்டல்களுக்கிடையே தில்லை மரமும் நிற்கும். அதன் கொப்பை முறிக்க வேண்டாம். தில்லம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பனிச்சங்கேணியில் நண்டு பிடிக்கும் அக்கா ஒருவர். பிள்ளைகளுக்கு அன்று அவர்தான் வழிகாட்டி. எந்த வேர் எந்த மரத்துடையது, எந்தப் பொந்தில் நண்டு இருக்கும் என்று அவர் காட்டிக்கொண்டு போக, டவுன் பிள்ளைகள் நால்வர் தாங்களாகவே எம்மோடு சேர்ந்துகொண்டார்கள்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில விடயம். தை பிற்பகுதி முதல் பங்குனி வரை நல்லது. பிறகு கச்சான் காற்று தொடங்கினால் வெயில் தாங்காது. குடை, இரண்டு போத்தல் தண்ணீர், சோற்றுப் பார்சல் போதும். செருப்பு பழசாக இருக்கட்டும். புதுச் செருப்புப் போட்டு வந்த இருவர் அதைக் கையில் கொண்டு திரும்பினார்கள். மலசலகூடத்துக்கு பஸ் நிலையத்திலேயே போய்விட்டுப் புறப்படுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனேயே கேளுங்கள். கடற்கரையில் ஆள் நடமாட்டம் உள்ள பக்கத்தில் இருங்கள். பொழுது சாயும்போது ஒதுக்குப்புறத்தில் குடிக்கிறவர்கள் கூடுவார்கள். நாலு பேருக்குக் குறையாமல் போனால் யாரும் கிட்ட வரமாட்டார்கள். உடம்பில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறவர்கள் முதல் நாளில் காந்திப் பூங்காவிலிருந்து பாலம் வரை போனால் போதும்.

இனி மிச்சமாய் இருப்பது பாடும் மீன். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். ஆங்கிலேய அதிகாரி எமர்சன் ரெனன்ட் 1848இல் கேட்டு எழுதியிருக்கிறார். மீனல்ல, ஊரிதான் சத்தமிடுகிறது என்று அன்றைக்கே படகோட்டிகள் அவரிடம் சொன்னார்களாம். சித்திரை முதல் புரட்டாதி வரைதான் கேட்கும் காலம். அதற்கு இரவு தங்க வேண்டும். சித்திரைப் பூரணையில் தாயை இழந்தவர்களுக்கு விரதம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஊரை விட்டு ஒருவரும் அசையமாட்டார்கள். ஆகவே ஆனிப் பூரணை என்று முடிவாகியிருக்கிறது. கோட்டை வாசலில் நின்றுவிட்ட அம்மாவின் தங்கச்சி வீடு சீலாமுனையில் இருக்கிறது. விறாந்தையில் எட்டுப் பேர் பாய் விரிக்கலாமாம். மீதி மூன்று பேருக்கு இடம் தேடுகிறோம்.