நியூட்ரலும் பதினேழு கொண்டை ஊசியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்ட பதிவு இது. கொஞ்சம் கணக்கு வரும், தூங்கிடாதீங்க :)

2024 ஆடி மாசம், ஒரு ராத்திரி தங்கச்சி சின்னமனூர்ல இருந்து போன் பண்ணுச்சு. "அண்ணே, அவரு வண்டிய வித்துருவேங்கிறாரு. நீ வந்து ஒரு வார்த்தை பேசு." பின்னாடி மாப்ள குரல்: "மச்சான்கிட்ட என்னத்த சொல்ற, அவரா டீசல் ஊத்தப் போறாரு?"

மாப்ள ஓட்டுறது ஒரு பொலேரோ பிக்கப். வாழைத்தார், தேங்கா, காய்கறின்னு கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியா குமுளிக்கும், போடிமெட்டு வழியா பூப்பாறைக்கும் அடிக்கிறார். மாசம் 3,000 கிலோமீட்டர் ஓடும். டியூ 14,200 ரூபாய். டீசல் போட்டு, டியூ கட்டி, டயருக்கு எடுத்து வச்சா வீட்டுக்கு மிச்சம் ஒண்ணுமில்ல. நமக்கு தேனியில ஒரு கடையில கணக்கெழுதுற வேலை. வண்டியப் பத்தி பெருசா தெரியாது, ஆனா நோட்டு போட்டு எழுதுனா எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்கலாம்ங்கிற நம்பிக்கை மட்டும் உண்டு.

மொதல்ல வண்டியப் பத்தி சொல்லிடறேன். வாங்கின புதுசுல மாப்ள அதை மாப்பிள்ளை அலங்காரம் பண்ணிட்டார். முன்னாடி தடி தடியா பம்பர் கம்பி. கேபினுக்கு மேல இரும்புக் கேரியர், அதுல நாலு ஃபோகஸ் லைட்டு, நடுவுல பொண்ணு பேரை எழுதின போர்டு. பின்னாடி ரெண்டடி உசத்தின இரும்புக் கூண்டு. பட்டையில ரெண்டு எக்ஸ்ட்ரா. 215 டயரைக் கழட்டிட்டு 235. ஊருக்குள்ள வந்தா கோயில் தேர் வர்ற மாதிரி இருக்கும்.

ஞாயித்துக்கிழமை போய் உக்காந்தேன். "எத்தனை கொடுக்குது மாப்ள?" "பன்னெண்டு கொடுக்கும் மச்சான்." "எப்படி அளந்தீக?" "ஒரு கணக்குதான்."

இந்த 'ஒரு கணக்கு' இருக்கே, அதுலதான் பாதிப் பேரு ஏமாந்து போறோம். டேங்க்கை முழுசா நிரப்பி மீட்டரை எழுதிக்கணும். ஓட்டிட்டு வந்து அதே பங்க்ல திரும்ப முழுசா நிரப்பி, போட்ட லிட்டரால வகுக்கணும். ஒரு தடவை பண்ணா நம்பக்கூடாது, நாலஞ்சு டேங்க் பார்க்கணும். பார்த்தோம். வந்தது 9.4. மாப்ள மூஞ்சி செத்துப்போச்சு.

அதுலயும் ஒரு கோளாறு இருந்துச்சு. 215/75 டயரோட விட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர், 235/75 டயர் 73க்கு மேல. மீட்டருக்கு டயர் மாறினது தெரியாது, அது சக்கரம் சுத்தறதைத்தான் எண்ணும். அதனால வண்டி 104 கிலோமீட்டர் ஓடினா மீட்டர் 100ன்னுதான் காட்டும். திருத்திப் பார்த்தா 9.8. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துருச்சுன்னு சொல்றவங்க இதையும் சேர்த்துப் பாருங்க. விழுந்ததுல கொஞ்சம் நிஜம், கொஞ்சம் மீட்டர் சொல்ற பொய்.

அடுத்த வாரம் பூப்பாறைக்கு லோடு. நானும் தொத்திக்கிட்டேன். ஏறும்போது ஒண்ணுமில்ல. தாரை இறக்கிட்டு, வர்ற வழியில கொஞ்சம் சரக்கு ஏத்திக்கிட்டு திரும்பினோம். போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டினதும் மாப்ள கியரைத் தட்டி நியூட்ரலுக்கு விட்டார்.

"என்ன மாப்ள இது?"

"எறக்கந்தானே மச்சான். இங்கருந்து முந்தல் வரைக்கும் ஓசிப் பயணம். இதுலதான் டீசல் மிச்சம்."

பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் பிரேக், பிரேக், பிரேக். எட்டோ ஒம்போதோ தாண்டும்போது ஒரு நாத்தம் வந்துச்சு. துணி கருகுற மாதிரி. அடுத்த வளைவுல மாப்ள காலை அழுத்துறார், பெடல் வழக்கத்தை விட கீழ போகுது, வண்டி நிக்க மாட்டேங்குது. எதுக்க ஒரு பஸ். ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து, மலைப்பக்கம் மண்ணுல உரசி நிறுத்தினார். ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசல. சக்கரத்துல இருந்து லேசா புகை. கீழ போடி ஊரு பொம்மை மாதிரி தெரிஞ்சுச்சு. எனக்கு தங்கச்சி முகந்தான் கண்ணுல நின்னுச்சு.

நியூட்ரல்ல போனா மிச்சம்ங்கிறது கார்புரேட்டர் காலத்துப் பாடம். இப்ப வர்ற டீசல் எஞ்சின்ல கம்ப்யூட்டர் இருக்கு. கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, சக்கரமே எஞ்சினைச் சுத்துது, டீசல் அடிக்கிறதை அது நிறுத்திடும். நியூட்ரல்ல விட்டா எஞ்சின் அணையாம இருக்க டீசல் குடிச்சே ஆகணும். ஆக, மிச்சம் பண்றேன்னு செலவு பண்ணிக்கிட்டு, எஞ்சின் பிரேக்கையும் கழட்டி விட்டுட்டு வந்திருக்கார். எஞ்சினையே அணைச்சுட்டு இறங்குறவங்களும் உண்டு. அது இதைவிட மோசம், ரெண்டு மூணு மிதியில பிரேக் கல்லாயிடும், பவர் ஸ்டியரிங்கும் போயிடும். எந்த கியர்ல ஏறினோமோ அந்த கியர்ல இறங்கணும்னு பழைய டிரைவருங்க சொல்வாங்க. அதுல பாதுகாப்பும் இருக்கு, டீசலும் இருக்கு. பிரேக் ஆறினப்பறம் ரெண்டாவது கியர்லயே இறங்கினோம்.

அதுக்கப்பறம் மாப்ள நான் சொன்னதைக் கேக்க ஆரம்பிச்சார். எடைமேடையில காலி வண்டியை ஏத்தினோம். ஆர்.சி. புக்ல இருக்கறதை விட 280 கிலோ கூட! பூராவும் அலங்காரம். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் உசரத்துக்குத் தூக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் ஆகும். போடியில இருந்து போடிமெட்டு கிட்டத்தட்ட அந்த உசரம்தான். அப்படின்னா 280 கிலோவுக்கு ஒரு ஏத்தத்துக்கு கால் லிட்டர் சொச்சம். "அவ்வளவுதானா?"ன்னார். அவ்வளவுதான். ஆனா அந்த 280 கிலோ இடத்துல வாழைத்தார் ஏத்தியிருந்தா வாடகை வந்திருக்குமே! அதை நான் சொன்னதும்தான் அவருக்கு உறைச்சுது.

நிஜமான திருடன் காத்து. ஆடியில நம்ம பள்ளத்தாக்குல அடிக்கிற காத்து தெரியும்ல, சும்மாவா ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாடியா நட்டு வச்சிருக்கான். தேனியில இருந்து கம்பம் போறப்ப மூஞ்சிக்கு நேரா அடிக்கும். காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 60ல இருந்து 80க்குப் போனா தடை ஒண்ணே முக்கால் மடங்கு. அதுக்கு எதுக்க கேரியர், கூண்டு, லைட்டுன்னு பாய்மரம் கட்டிக்கிட்டுப் போனா?

கூண்டு, பம்பர் கம்பி, எக்ஸ்ட்ரா பட்டை எல்லாம் கழண்டுச்சு. பம்பர் கம்பியை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதினது தனிக்கதை. டயர் தேஞ்சதும் 215க்கே திரும்பினோம். காத்தை உதைச்சுப் பார்த்தே ஓட்டிக்கிட்டிருந்தார். கேஜ் வச்சுப் பார்த்தா, பின் டயர்ல கம்பெனி ஸ்டிக்கர்ல போட்டதை விட 14 பவுண்டு கம்மி. ஏர் ஃபில்டர் தோசைக்கல்லு கலர்ல இருந்துச்சு. நேர் ரோட்டுல 55க்கு மேல வேண்டாம், லோடு ஏத்தும்போது எஞ்சினை அணைக்கணும்னு பேசிக்கிட்டோம். இதுல பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல. டேங்க்ல போடுற மாத்திரை, பைப்புல மாட்டுற காந்தம்னு ஒருத்தர் விக்க வந்தார், டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சோம்.

கேரியரை மட்டும் மாப்ள தொட விடல. "பாப்பா பேரு இருக்கு மச்சான்." நானும் வற்புறுத்தல. ஒரு மாசம் அப்படியே ஓடுச்சு. ஒருநாள் தங்கச்சி சொல்லுச்சாம்: "அவ பேரு வண்டியில இருக்குறது முக்கியமா, அவ அப்பன் வீட்டுல இருக்குறது முக்கியமா? டீசல் காசுக்காகத்தானே மலையில நியூட்ரல் போட்டீக?" அன்னிக்கே போய் கழட்டிட்டார்.

ஐப்பசியில அளந்தப்ப 11.6. காத்து நின்னதும் ஒரு காரணமா இருக்கும்னு நான் முழுசா நம்பல. 2025 ஆடியில அதே ரோடு, அதே காத்து, மறுபடி அளந்தோம். 11.2. அந்த 9.8ஓட வச்சுப் பார்த்தா மாசத்துக்கு 38 லிட்டர் மிச்சம். லிட்டர் 93ன்னு வச்சாலும் 3,500 ரூபாய். டியூவுல கால் பங்கு. பணக்காரன் ஆகல. வண்டியை விக்கல, அவ்வளவுதான்.

பாப்பா பேரு இப்ப பின் கதவுல பெயிண்ட்ல இருக்கு. எடையும் இல்ல, காத்தும் தடுக்காது. பின்னாடி எழுதினா யாரு பார்ப்பான்னு கேட்டேன். மாப்ள சிரிச்சுக்கிட்டே சொன்னார்:

"55ல போறேன்ல மச்சான்... இப்ப எல்லாப் பயலும் பின்னாடி நின்னு படிச்சுட்டுத்தான் ஓவர்டேக் பண்றான்."

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. ஆனா அந்த நியூட்ரல் விஷயத்தை மட்டும் மலை ரோட்டுல ஓட்டுற உங்க ஆளுங்ககிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க.