அங்கே திறந்தாச்சு, இங்கே இன்னும் இல்லை

2014, இருபத்தோராம் நோன்பு. புனேயில் கோர்படிக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை மழை மூட்டம். நாலு மணியிலிருந்தே விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அடுப்படியில் நின்றேன். காயல்பட்டினத்திலிருந்து உம்மா ஃபோனில். ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் சாய்த்து வைத்திருந்தேன். பேச்சுக்கு நடுவே பாங்கு கேட்டது. "பாங்கு சொல்லிட்டாங்க, வைக்கிறேம்மா" என்று உம்மா வைத்ததும், நானும் பிஸ்மி சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீரும் குடித்துவிட்டேன். கொட்டையைத் துப்பும்போதுதான் உறைத்தது. கேட்டது ஊர்ப் பள்ளியின் பாங்கு. கோர்படியில் சூரியன் மறைய இன்னும் 33 நிமிடம் இருந்தது.

பெருநாள் கழிந்து அந்த ஒரு நோன்பைத் தனியாகக் கழா செய்தேன். வீட்டில் மற்ற எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் பட்டினி கிடக்கும் நோன்பு எவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த 33 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புனே காயலுக்கு மேற்கே நாலு பாகைக்குச் சற்று அதிகம் தள்ளி இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிடம் என்றால் 17 நிமிடம் வருகிறது. மீதி, புனே வடக்கே இருப்பதால் வருவது. வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீளும். ஆக அந்த வருடம் ஸஹர் முடிவது இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே நேரம், திறப்பதில் மட்டும் அரைமணி நேர வித்தியாசம். உம்மாவின் நோன்பைவிட என் நோன்பு அவ்வளவு நீளம். இதை உம்மாவிடம் சொன்னபோது, "அப்போ நன்மையும் அதுக்குத் தக்கனக் கூடத்தான் கிடைக்கும்" என்றார்.

வெளியூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லும் ஆறுதல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. காயல்காரர்களுக்கு மகள் வெளியூரில் இருப்பதே ஒரு அதிசயம். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கொழும்போ ஹாங்காங்கோ போய்ச் சம்பாதிப்பது ஆண்கள் வேலை. வீடு பெண்ணுடையது, பெண் அந்த வீட்டிலேயே இருப்பாள். பெண்கள் வெயில் படாமலும் ஆண்கள் கண்ணில் படாமலும் வீட்டுக்கு வீடு போய்வர, இரண்டு கை விரித்தால் சுவர் தட்டும் அளவுக்கு முடுக்குகள் உண்டு. ரமலான் இரவுகளில் அந்த முடுக்கு வழியாகத்தான் பெண்கள் தைக்காவுக்குத் தராவீஹ் தொழப் போவோம். தொழுகை முடிந்து திரும்பும்போது முடுக்கு முழுக்க அத்தர் வாசமும் கிசுகிசுப்பும். என் கணவருக்குப் புனே மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது நானும் கூடப் போகிறேன் என்றேன். வீட்டில் மூன்று நாள் யாரும் சரியாகப் பேசவில்லை.

கோர்படியில் முடுக்கு இல்லை. ரயில்தான் உண்டு. நாங்கள் வந்த புதிதில் கேட் விழுந்தால் இரண்டு பக்கமும் ஸ்கூட்டரும் ஆட்டோவும் ராணுவ லாரியும் கோத்துக்கொண்டு நிற்கும். மும்பையிலிருந்து நாகர்கோவில் போகும் வண்டியும் எங்கள் பேட்டையைக் கடந்துதான் போகும். ராத்திரி தராவீஹ் தொழுதுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால், கடந்து போகிற ஒவ்வொரு வண்டியும் நாகர்கோவில் வண்டிதான் என்று வைத்துக்கொள்வேன்.

இந்த ரயில்தான் எனக்கு முன்பே தமிழையும் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. புனே–மீரஜ் பாதை 1908இலிருந்து மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் கையில் இருந்தது. அந்தக் கம்பெனியோடும் கன்டோன்மென்டோடும் வந்த தமிழர்களின் பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் இன்றும் கோர்படியில் இருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவின் தாத்தா இன்ஜினில் கரி அள்ளிப் போட்டவர். அக்கா ஊர் என்று எதையும் பார்த்ததில்லை; பேசுவது மட்டும் சுத்தத் தமிழ், நடுநடுவே மராட்டி.

நோன்பின் முதல் வாரத்திலேயே அந்த அக்காவுக்கு ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொடுத்தேன். ஊரில் கஞ்சி பள்ளிவாசலில் காய்ச்சுவார்கள். அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைகள் தூக்கை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தமிழ்நாட்டில் அதற்கு அரசாங்கமே பள்ளிகளுக்கு அரிசி தருகிறது. இங்கே இஃப்தார் என்றால் பழத்தட்டு, கீமா சமோசா, ரூஹ் அஃப்ஸா. புனே கேம்ப்பில் பாபாஜான் தர்காவைச் சுற்றி ராத்திரி முழுக்கக் கடைகள்; மால்புவாவும் நல்லி நிஹாரியும் மணக்கும். குறை சொல்லவில்லை, எல்லாம் ருசிதான். ஆனால் வெறும் வயிற்றுக்கு முதலில் வெதுவெதுப்பாக ஏதாவது இறங்கவேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பொரித்த சமோசா அதைச் செய்யாது.

ஆகவே கஞ்சி வீட்டிலேயே. பச்சரிசி, சிறுபருப்பு, ஒரு ஸ்பூன் வெந்தயம், முழுப் பூண்டாகவே ஒரு கை, கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். இத்தனையும் இங்கே கிடைக்கும். கிடைக்காதது ரம்பை. தாளிப்பில் ரம்பை இலை சுருளாவிட்டால் அது கஞ்சி இல்லை, பருப்புச் சோறு. அடுத்த விடுமுறையில் உம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கன்றை ஈரத் துணியில் சுற்றி, சாக்கோடு ரயிலில் கொண்டுவந்து பால்கனித் தொட்டியில் வைத்தேன். கீழ்வீட்டு மராட்டிக் காகூ ஒருநாள் துணி காயப்போட வந்தவர், இலையைக் கிள்ளி முகர்ந்து, "அரே, ஆம்பேமோஹர் பான்!" என்றார். அவர் அம்மா வெறும் சோற்றில் இதே இலையைப் போடுவாராம். ஆம்பேமோஹர் என்றால் மாம்பூ. அந்த வாசம் வீசும் அரிசி ஒன்று புனே பக்கம் முல்ஷியில் விளைகிறது. அந்த அரிசி வாங்க முடியாத நாளில், சாதா அரிசிக்கு அந்த மணத்தை ஏற்றுகிற தந்திரம் இந்த இலை. மறுநாள் காகூ ஒரு கிலோ ஆம்பேமோஹர் கொண்டுவந்து கொடுத்தார். குட்டை அரிசி, சீக்கிரம் குழையும். கஞ்சிக்கென்றே பிறந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு அரிசியில் கஞ்சி காய்ச்சியதில்லை. ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் கஞ்சி மட்டும் காயலைவிடக் கோர்படியில்தான் நன்றாக வருகிறது.

மொழிதான் கஞ்சியைப்போல இளகிக் கொடுக்கவில்லை. சிவாஜி மார்க்கெட்டில் கறி வாங்கப் போனால், "முசல்மானா இருந்துக்கிட்டு உருது வராதா?" என்று கேட்பார்கள். இந்தியில் கேட்பார்கள், அதைவிட ஓட்டை இந்தியில் நான் பதில் சொல்வேன். எங்களுக்குத் தொழுகை, நோன்பு, பள்ளி, பெருநாள், ஓதுவது எல்லாமே தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தன. இதையெல்லாம் கறிக்கடை வரிசையில் நின்று விளக்க முடியுமா? மகனுக்கு நாலு வயது இருக்கும்போது காகூ அவனிடம், "ஆயிக்கு ரோஜாவா?" என்று, அதாவது உம்மாவுக்கு நோன்பா என்று, விசாரித்தார். அவன் பால்கனிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரோஜா இல்ல, செம்பருத்திதான் இருக்கு" என்றான்.

தொழுகையிலும் சின்னச் சின்னச் சறுக்கல்கள். ஊரில் நாங்கள் ஷாஃபி. இவர் போகிற பள்ளியில் ஹனஃபி. அஸர் பாங்கு எங்கள் கணக்குக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் கேட்கும். முதல் நாள் ஜமாஅத்தில் இவர் பழக்க தோஷத்தில் ஆமீனைச் சத்தமாகச் சொல்ல, பள்ளி முழுக்க இவர் ஒருத்தர் குரல். வித்ரையும் இங்கே மூன்று ரக்அத்தாகச் சேர்த்தே தொழுகிறார்கள். ரமலானின் பிற்பாதியில் மட்டும் குனூத் ஓதிப் பழகியவர், முதல் நாளே இமாம் அதற்காகக் கை உயர்த்தியதும் ருகூவுக்குக் குனிந்துவிட்டார். மகன் இரண்டையும் கற்றுக்கொண்டான். பள்ளியில் ஒரு விதம், வீட்டில் என்னோடு தொழும்போது ஒரு விதம். அவனுக்கு அதில் குழப்பம் ஒன்றும் இல்லை, குழப்பமெல்லாம் எங்களுக்குத்தான்.

2025இல் நோன்பு மார்ச் 2ஆம் தேதி தொடங்கியது. மூன்று நாளில் எதிர்வீட்டு அக்காவுக்குத் தவக்காலம் பிறந்தது. அக்கா ஒருசந்தி இருக்கிற வெள்ளிக்கிழமைகளில் என் கஞ்சியில் கறி கிடையாது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பானை. கடைசி நாளில் இன்னொரு சேர்க்கை. மார்ச் 30, ஞாயிறு, மராட்டிப் புத்தாண்டான குடிபாட்வா. எங்களுக்கு இருபத்தொன்பதாம் நோன்பு. காகூ ஜன்னலில் மூங்கிலை நட்டு, பட்டுத்துணி, வேப்பங்கொத்து, சர்க்கரை மாலை கட்டி, உச்சியில் செப்புச் சொம்பைக் கவிழ்த்திருந்தார். சர்க்கரை மாலையில் ஒரு கண்ணியைக் காலையிலேயே மகனிடம் கொடுத்திருந்தார். நோன்பாளியாயிற்றே, அதை ஒரு காகிதத்தில் மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, பகல் முழுக்க நாற்காலி போட்டு ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் காகூ அந்தக் குடியை இறக்கிக்கொண்டிருந்தார். அவரோடு பால்கனியில் நாங்களும் மேற்கே பார்த்து நின்றோம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஃபோன் அடித்தது. "பிறை கண்டாச்சு! மாடியில நின்னு எல்லாரும் பார்த்துட்டாங்க!" என்றார் உம்மா. அங்கே திறந்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. எங்களுக்கு நோன்பே முடியவில்லை, அதற்குள் பெருநாள் வந்துவிட்டது. மகன் அந்தச் சர்க்கரைக் கண்ணியைக் கையில் பிடித்துக்கொண்டு பாங்குக்குக் காத்து நின்றான். சூட்டில் விரலெல்லாம் பிசுபிசுத்தது.

பதின்மூன்று வயதுக்கு அவன் கணக்கில் கெட்டிக்காரன். அன்று ராத்திரி ஷீர் குர்மாவுக்கு நான் பாதாம் உரித்துக்கொண்டிருந்தபோது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டான். 2014இல் 33 நிமிடம். இந்த வருடம் தொடக்கத்தில் 12, முடிவில் 20. ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருவதால் குளிர்காலத்தை நோக்கிப் போகிறது. மாலை இடைவெளியும் சுருங்குகிறது. 2030 ஜனவரியில் இரண்டு ஊரிலும் ஒரே நிமிடத்தில் சூரியன் மறையும். ஆனால் இடைவெளி எங்கும் போய்விடாது; ஸஹருக்கு மாறிவிடும், அப்போது விடிகாலையில் அரைமணி நேரம் வித்தியாசப்படும். அதோடு அந்த ஒரே வருடத்தில் ஜனவரியில் ஒரு ரமலானும், டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமலானும் தொடங்கும்.

ஃபோனில் எல்லாவற்றையும் உம்மாவுக்கு விலாவாரியாகச் சொன்னான். உம்மா பொறுமையாகக் கேட்டார். ஒரே நிமிடம் என்பதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"ஒரே வருஷத்துல ரெண்டு ரமலானா வாப்பா? அப்போ ஒன் உம்மாட்ட சொல்லு, அந்த மாம்பூ அரிசி இங்கேயும் பத்துக் கிலோ அனுப்பச் சொல்லு."