தாப்பா மலைச்சாலையில் மூன்று கார்கள்

கேமரன் மலைக்கு மேற்குப் பக்கமிருந்து ஏற இரண்டு வழிகள் உண்டு. சிம்பாங் பூலாய் வழி அகலமானது; வளைவுகளும் நிதானமானவை. தாப்பா வழி பழையது, குறுகலானது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். அதற்குள் சாலை ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏறுகிறது. அவசரமில்லாதவர்கள் லாத்தா இஸ்கண்டார் அருவியில் நின்று ஜாகோங் தின்றுவிட்டுப் போவார்கள். வயிறு கலங்கியவர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

போன பள்ளி விடுமுறையில் நாங்கள் பன்னிரண்டு பேர் மூன்று கார்களில் இந்த வழியாக ஏறினோம். அண்ணனுடைய பழைய செடான், மாமாவின் ஏழு இருக்கை எம்பிவி, எங்களுடைய கிராஸ்ஓவர். அண்ணன் கார் மாற்றும் முடிவில் இருந்தார். அண்ணிக்குக் கிராஸ்ஓவர் மேல் ஆசை. மாமா எம்பிவியைத் தவிர வேறு எதையும் காராகவே மதிக்க மாட்டார். ஆனால் உண்மையான கேள்வி அம்மாவைப் பற்றியது. முழங்கால் வலி வந்த பிறகு, முந்தைய இரண்டு பயணங்களுக்கும் அம்மா வரவில்லை. “நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? தாழ்வான காரில் ஏறி இறங்குவதை நினைத்தே அப்படிச் சொன்னார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நம் நாட்டுக் குடும்பங்களின் காரும் காலத்தோடு மாறித்தான் வந்திருக்கிறது. 1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது, குடும்பக் கார் என்றால் நான்கு கதவும் தனிப் பெட்டியும் உள்ள செடான்தான். 2009இல் எக்ஸோராவும் அல்ஸாவும் வந்து, தாத்தா பாட்டியையும் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றின. 2018இன் இறுதியில் புரோட்டோன் எக்ஸ் 70, 2021இல் பெரோடுவா அதிவா என உயரமான வண்டிகள் வரத் தொடங்கியதும் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. கிராஸ்ஓவர் என்பது பார்வைக்கு ஜீப் மாதிரி, அடிப்படையில் கார். உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த கட்டமைப்பு. பெரும்பாலும் முன் சக்கரங்கள்தான் இழுக்கும். காட்டுப் பாதைக்காகச் செய்யப்பட்டதல்ல.

கோலாலம்பூரிலிருந்து தாப்பா வரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. இந்தப் பகுதியில் செடானைக் குறை சொல்ல முடியாது. தாழ்வான உடல் என்பதால் காற்றின் எதிர்ப்பு குறைவு. மணிக்கு 110 கிலோமீட்டரிலும் வண்டி சாலையோடு ஒட்டிப் போகிறது. உள்ளே பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. வானொலியில் வேலை செய்பவர்களுக்கு இந்த அமைதியின் அருமை தெரியும். கிராஸ்ஓவரில் உயரத்திலிருந்து சாலையைப் பார்ப்பது ஓட்டுபவருக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் பெரிய லாரி ஒன்றைக் கடக்கும்போது காற்று தள்ளுவது கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது. எம்பிவி இரண்டுக்கும் நடுவில். அதன் பெரிய வரம், கூரையிலிருந்து பின் வரிசைக்கு வரும் குளிர்காற்று. நம் ஊர் வெயிலில், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட முக்கியமான வசதி அதிகமில்லை.

தாப்பா ஓய்வுத் தளத்தில் நின்றோம். அங்குதான் ஆட்களை மாற்றி உட்கார வைத்துப் பார்த்தோம். செடானில் அம்மா உட்காரவில்லை, விழுந்தார் என்றே சொல்லலாம். எழுந்திருக்க அண்ணன் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கிராஸ்ஓவரில் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருந்ததால், முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துவைக்க முடிந்தது. ஆனால் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு உயரம். காலை அதன் மேல் தூக்கி வைக்கும்போது அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். எம்பிவியில் தரை தாழ்வு, இருக்கை உயரம். யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறிவிட்டார்.

எல்லா உயரமான வண்டியும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரோடுவாவின் இரண்டு ஏழு இருக்கை வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்ஸாவின் அடிப்பகுதி தரையிலிருந்து 160 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருஸுக்கு அது 220. வெள்ளம் தேங்கும் தாமான்களில் இருப்பவர்களுக்கும், செம்மண் பாதையில் வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் அந்த ஆறு சென்டிமீட்டர் ஒரு வரம். முழங்கால் வலி உள்ளவருக்கோ அது ஒரு படி அதிகம்.

மலை ஏறத் தொடங்கியதும் கணக்கு மாறியது. உயரமான வண்டியின் எடை மையமும் உயரத்தில் இருக்கும். வளைவில் உடல் கூடுதலாகச் சாயும். அந்தச் சாய்வைக் குறைக்கச் சில வண்டிகளில் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் இறுக்கமாக வைப்பார்கள். அப்போது சாய்வு குறையும், குழிகளில் குலுக்கல் கூடும். தாப்பா சாலையில் இரண்டும் தெரிந்துவிடும். செடான் அலட்டாமல் திரும்பியது. எம்பிவியின் மூன்றாம் வரிசையில் இருந்த மாமாவின் இரண்டு பெண்களும் பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த வரிசை பின் சக்கரங்களுக்கு மேலேயே இருக்கிறது, சன்னலும் சிறியது. கண் ஒன்றைப் பார்க்க, காது இன்னொன்றை உணர, வயிறுதான் தண்டனை அனுபவிக்கிறது. அருவியருகே நிறுத்தி, பெரியவளை நடு வரிசைக்கும் சின்னவளை எங்கள் வண்டியின் முன் இருக்கைக்கும் மாற்றிய பிறகு இருவரும் தெளிந்தார்கள். மூன்றாம் வரிசை ஊருக்குள் போக நல்ல இடம். மலைக்குப் போகும்போது அதில் யார் உட்காருவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மேலே போனதும் கிராஸ்ஓவருக்கு நல்ல நேரம். பிரிஞ்சாங்கைத் தாண்டி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதை ஒடுக்கமானது. எதிரே வண்டி வந்தால் ஓரம் கட்ட வேண்டும். நீளம் குறைந்த, உயரமான வண்டி அங்கே தயங்காமல் போகிறது. போ நிறுவனம் 1929இல் தொடங்கிய தேயிலைத் தொழில் இது. இந்தச் சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களில் நம் தமிழர்கள் எத்தனையோ பேர். அம்மாவின் சித்தி ஒருவரும் இந்த மலையில்தான் வாழ்ந்தார். தோட்டத்தைப் பார்த்தபடி அம்மா நெடுநேரம் நின்றார். வீட்டில் இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

திரும்பும் நாளில் கியா ஃபார்ம் சந்தை. சோளம், சர்க்கரைவள்ளி, ஸ்ட்ராபெரி, அத்தைக்குப் பூந்தொட்டிகள். பொருள் ஏற்றும்போது மாமாவின் முகம் வாடியது. ஏழு பேரும் உட்கார்ந்தால் எம்பிவியின் பின்னால் மிஞ்சுவது ஓர் அடுக்குப் பை வைக்கும் இடம்தான். அல்ஸாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் 137 லிட்டர்; கடைசி வரிசையை மடக்கினால் 498. சிறிய செடானான பெஸ்ஸாவின் பெட்டியே 508 லிட்டர் கொள்ளும். கிராஸ்ஓவரில் பெட்டி நடுத்தரம். ஆனால் பின் இருக்கையை மடக்கி உயரமான தொட்டிகளை நிமிர்த்தி வைக்க முடிந்தது.

அண்ணியின் ஆசைக்குத் தடையாக வந்தது மலையல்ல, குழந்தை இருக்கை. 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். அண்ணனுக்கு ஆறு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள். கிராஸ்ஓவரின் பின் வரிசையில் இரண்டு இருக்கைகளைப் பொருத்திப் பார்த்தோம். நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒரு கைப்பை உட்காரலாம். அம்மா உட்கார முடியாது. முன்னால் அண்ணனும் அண்ணியும். அப்படியானால் அம்மா எங்கே? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அண்ணிதான் முதலில் சொன்னார்: “எம்பிவியே பார்ப்போம்ங்க. எனக்கு உயரமா உட்காரணும்னா அதுலயும் உட்காரலாம்.”

இதனால் எல்லாரும் எம்பிவி வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. புதுமணத் தம்பதிக்கும், ஒரே பிள்ளை உள்ளவர்களுக்கும் கிராஸ்ஓவர் போதும். அம்மா அப்பா எப்போதாவது வந்தால் ஏறி இறங்கவும் எளிது. தினமும் சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்கு ஓட்டுபவருக்கு இன்றைக்கும் செடான்தான் சிக்கனம். ஷோரூமில் யாரும் தாமாகச் சொல்லாத ஒன்று டயர். 15 அங்குலச் சக்கரத்துக்கும் 18 அங்குலச் சக்கரத்துக்கும், நான்கையும் மாற்றும் நாளில் விலை வித்தியாசம் தெரியும். கடனை ஒன்பது ஆண்டுக்கு இழுத்தால் மாதத் தவணை சிறிதாகத் தோன்றும். ஆனால் அந்த ஒன்பது ஆண்டில் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும். பெற்றோருக்கு இன்னும் ஒன்பது வயது கூடியிருக்கும். இன்றைய குடும்பத்துக்கு மட்டுமல்ல, அன்றைய குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

ஆகவே ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் மூத்தவரை அழைத்துப் போய், மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துப் போய்ப் பொருத்திப் பாருங்கள். தள்ளுவண்டியைப் பெட்டியில் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஐந்து நிமிடமாவது நீங்கள் பின்னால் உட்காருங்கள். வேகத்தடை இருக்கும் தாமான் சாலையில் ஒரு சுற்று கேளுங்கள். மலைக்கு எந்த வண்டியில் போனாலும், இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

அண்ணன் முன்பணம் கட்டிவிட்டார். வண்டி வர இன்னும் சில வாரங்கள் ஆகும். தைப்பூசத்துக்குப் பினாங்கு போகலாமா என்று அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.