திரூர் நெல்

மணவாள நகர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் திருவள்ளூர் ரயில் நிலையத்தின் தென்பக்கம் என்றுதான் தெரியும். காலையில் மின்சார ரயிலுக்கு ஓடுகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்குச் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறவர்கள், மனை விற்பனைப் பலகைகள். கண்ணில் படுவது இவ்வளவுதான். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனால் வயல் வந்துவிடும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்தின் பெயரும் இங்கே புழக்கத்தில் இருக்கிறது. ஐப்பசியில் டீக்கடைக்குப் போனால் எந்த ஏரி கலங்கல் போகிறது என்று சொல்ல ஆள் இருக்கிறது. என்னைக் கேட்டால் இது இன்னமும் விவசாய ஊர்தான்.

இந்த விவசாய ஊருக்கு ஜப்பானோடும் ஒரு தொடர்பு உண்டு. ஜப்பான் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கார்தான் ஞாபகத்துக்கு வரும். பக்கத்திலிருக்கும் அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-ல் மிட்சுபிஷி லான்சர் தயாராக ஆரம்பித்தது. பிறகு இசுசு வண்டிகளும் சில வருடம் அங்கேயே தயாராயின. ஆனால் ஜப்பான் எங்கள் ஊருக்குள் வந்தது அதற்கு ரொம்ப காலம் முன்பே. வந்த வழி சாப்பாட்டுத் தட்டு.

1950-களில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு ஆசிய நாடுகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு முயற்சியில் இறங்கியது. ஜப்பானிய வகை நெல்லையும் நம் பக்கத்து நெல்லையும் ஒட்டுச் சேர்ப்பது அதன் நோக்கம். ஒரிசாவின் கட்டாக்கில் அந்த வேலை நடந்தது. அதிலிருந்து மலேசியாவில் நிலைத்த ரகம் மஷூரி. அதன் பெற்றோரில் ஒன்று தைச்சுங் 65. தைவான் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது அங்கே உருவாக்கிய நெல் அது. மஷூரி தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆயிற்று, 1986-ல் வெள்ளைப் பொன்னி ஆயிற்று. எங்கள் பக்கம் அதிகம் பயிராகும் பாபட்லா, அதாவது பி.பி.டி. 5204, அதிலும் மஷூரியின் ரத்தம் உண்டு. தமிழன் காலங்காலமாகச் சாப்பிட்டது என்று நாம் நினைக்கிற சோற்றில் ஜப்பான் கலந்திருப்பது எனக்குச் சந்தோஷமான செய்தி. நெல்லுக்கு எல்லைக்கோடு கிடையாது.

இப்போது நடவும் ஜப்பான் மெஷினில்தான், குபோட்டாவோ யான்மாரோ. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. நட்ட கைகளின் பிள்ளைகள் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தட்டில் பதினைந்து நாள் வளர்ந்த நாற்றை வேர் பின்னிக் கிடக்கும் பாயாகவே தூக்கி மெஷினில் வைக்கிறார்கள். பின்னாலிருக்கும் இரும்பு விரல்கள் இரண்டு மூன்று நாற்றாகக் கிள்ளிச் சேற்றில் ஊன்றிக்கொண்டே போகின்றன. கோடு பிசகாது. வரப்போரத்தில் மெஷின் திரும்பும் இடம் மட்டும் வெறுமையாக நிற்கும். அங்கே நாற்று செருக வயதான அம்மா ஒருத்தர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவார். குனிந்த வாக்கில் அவர் நடுகிற வேகத்தைப் பார்த்தால் அந்தக் கைக்கு எத்தனை பட்டத்துப் பழக்கம் என்று தெரியும்.

ஜப்பான் நெல் இங்கே வந்தது போல, இங்கிருந்து வெளியே போன நெல்லும் உண்டு. சொல்ல வந்த விஷயம் அதுதான், திரூர். ரயிலில் புட்லூருக்கு அடுத்த நிலையம் செவ்வாப்பேட்டை ரோடு. அங்கிருந்து பக்கம்தான். அந்த ஊரில் 1942-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1952-ல் டி.கே.எம். 6 என்ற ரகம் அங்கிருந்து வெளிவந்தது. தண்டுத் துளைப்பான் என்ற பூச்சியை அது தாங்கி நின்றது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் அந்தத் தாங்கும் சக்தியைத் தேடித்தான் இதை எடுத்துக்கொண்டார்கள். 1969-ல் அவர்கள் வெளியிட்ட ஐ.ஆர். 20-க்கு நேர்ப் பெற்றோர் திரூர் நெல். நம் ஊர் ரேஷன் தலைமுறைக்கு ஐயாரிருபதைத் தெரியாமல் இருக்காது. அடுத்து 1976-ல் வந்த ஐ.ஆர். 36-லும் இதன் வழி உண்டு. 1980-களில் உலகத்திலேயே அதிக நிலத்தில் பயிரான நெல் அது. சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேர். இந்தோனேசியாவும் வியட்நாமும் சாப்பிட்டன. பக்கத்து ஊர் நெல் இத்தனை வயிற்றுக்குப் போயிருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் யாரும் அதைச் சொல்லித்தருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

தன் நெல்லின் பெயரைக் கொண்டாடும் ஊரும் உண்டு. ஜப்பானில் நீகாட்டா மாநிலத்தில் மினாமி உவோனுமா என்று ஒரு சின்ன நகரம், சுமார் அரை லட்சம் பேர். புல்லட் ரயில் நிலையம் உண்டு, சுற்றிலும் வயல். மலைப்பனி உருகிய தண்ணீரில் அங்கே விளையும் கோஷிஹிகாரி அரிசிக்கு ஜப்பானில் தனி விலை. அந்த ரகம் பிறந்தது அந்த ஊரில் இல்லை. 1956-ல் ஃபுகுயி மாநிலம் வெளியிட்டது. ஆனால் மூட்டையில் உவோனுமா என்ற பெயர் இருந்தால்தான் மதிப்பு. வயலைக் காக்கச் சட்டமும் உண்டு. 1952-லேயே அந்த நாடு விவசாய நிலச் சட்டம் போட்டுவிட்டது. அனுமதி இல்லாமல் வயலை வேறு எதற்கும் மாற்ற முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, ஊரின் பெயரோடு விலைபோகிற நெல்லாக இருந்தால் நிலத்தை விற்கக் கை வராது. எங்கள் பக்கம் நஞ்சையில் மனைக் கல் நடும்போது யாரும் தடுக்காததற்கு, அந்த நெல்லுக்கு ஊர்ப்பெயர் இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

திரூர் நிலையம் ஓய்ந்துவிடவில்லை. 2015-ல் டி.கே.எம். 13 வந்தது. 130 நாள் பயிர், சன்ன ரகம், பாபட்லாவுக்கு மாற்று. விளைவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரிசிக் கடையில் கேட்டேன். "அது பாபட்லாவோட கலந்து போயிடும் சார், தனியா யாரும் கேக்கறதில்ல" என்றார் கடைக்காரர். இனி நாம் கேட்கலாம். டி.கே.எம். 13 என்று மூட்டையில் அச்சடித்து, அதன் கீழே திரூர், திருவள்ளூர் மாவட்டம் என்று போட்டு விற்கட்டும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு அந்த மூட்டைதான் வாங்குவேன்.