கேபினுக்குள் ஒரு காலனி

நான் முதன்முதலில் லாரியில் ஏறியது 2004ல். பதினெட்டு வயது. சங்ககிரியில் இருந்து நாக்பூர் போகிற பத்து டயர் வண்டி. வேலை, கிளீனர். சம்பளம் கிடையாது, சாப்பாடும் கொஞ்சம் பேட்டாவும் மட்டும். "ரெண்டு வருசம் இரு, டிரைவர் ஆயிருவ" என்று ஓனர் சொல்லியிருந்தார்.

சேலம் தாண்டியதும் டிரைவர் கேட்டார்.

"எந்த ஊருடா கண்ணு?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிங்கண்ணே."

அதற்குப் பிறகு தொப்பூர் வரைக்கும் அவர் பேசவே இல்லை.

கிளீனருக்கு வேலை நிறைய. தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டணும். ராடால் தட்டி டயரில் காற்று பார்க்கணும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுக்கணும். மேட்டில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடணும். சமைக்கணும். இதில் சமையலை மட்டும் அவர் என்னிடம் விடவில்லை. அடுப்பை அவரே பற்ற வைத்தார். தண்ணீர் கேனையும் தொட விடவில்லை. என் பாட்டிலை நீட்டினால் மேலே தூக்கி ஊற்றுவார். வேலை மிச்சம் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது நாள்தான் புரிந்தது. இரண்டு பேர் தோள் உரசி உட்காருகிற கேபினுக்குள்ளும் ஒரு காலனியைக் கட்டிவிட்டார்.

மற்ற வண்டிகளில் ஆறு மாதத்தில் கிளீனரை செட்டுக்குள் வண்டி நகர்த்த விடுவார்கள். ஒரு வருடம் ஆனால், ராத்திரி ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங் கொடுப்பார்கள். சட்டப்படி இது குற்றம்தான். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும், இருபது வயது ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் லாரிக்கு எல்எல்ஆர். ஆனால் எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த டிரைவர்கள் எல்லாருமே இப்படிப் பழகியவர்கள்தான். எனக்கோ ஒன்றரை வருடமும் ஸ்டியரிங் துடைக்க மட்டுமே கிடைத்தது.

வேறு வண்டிக்கு மாறினேன். வாணியம்பாடிக்காரர் ஒரு பாய் டிரைவர். முதல் நாள் சாயங்காலமே, "டீ போடுப்பா" என்றார். போட்டேன். குடித்தார். லைசென்ஸ் கைக்கு வந்த நாள் எனக்கு மறந்துவிட்டது. அந்த டீ மறக்கவில்லை.

திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கத்தில் சொல்லிக் கொடுத்தார்: "ஏறுறதுக்குப் போடுற கியர்லதான் இறங்கணும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா இன்ஜின் பிடிக்காது. பிரேக்கையே மிதிச்சிட்டு வந்தா சூடேறி, கடைசில பிரேக்கும் பிடிக்காது. ஏர் மீட்டர்ல ஒரு கண்ணு இருக்கட்டும்."

அந்தக் கணவாயில் செத்தவர்களைப் பற்றி தருமபுரிக்காரர்களைக் கேளுங்கள். உயிரைக் காக்கிற இந்த நாலு வார்த்தையை முதல் டிரைவர் ஒன்றரை வருடத்தில் ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை. தீண்டாமை என்றதும் நாம் டம்ளரைப் பேசுகிறோம். தொழிலைச் சொல்லிக் கொடுக்காமல் விடுவதையும் பேச வேண்டும் தோழர்களே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் டிரைவர் ஆன பிறகு என் வண்டிக்கு ஒரு கிளீனர் வந்தான். முதல் டிரிப். "எந்த ஊருடா?" என்றேன். சொன்னான். "எந்தத் தெரு?" கேட்டது நான்தான். அருந்ததியர் தெரு என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பறையர். அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். அன்றைக்கு அடுப்பை அவனிடம் கொடுத்தேன், அவன் சமைத்ததைச் சாப்பிட்டேன், பிறகு ஸ்டியரிங்கும் கொடுத்தேன். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

பாய் நல்லவர், அதனால் நான் டிரைவர் ஆனேன். முதல் டிரைவரிடமே இருந்திருந்தால் கட்டை போட்டே காலம் போயிருக்கும். ஒருத்தர் மனசு வைத்தால்தான் தொழில் கிடைக்கும் என்றால், அந்த இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது அந்த வழியும் அடைபடுகிறது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை 2018ல் எடுத்துவிட்டார்கள். கிளீனர் இல்லாமலே பல வண்டிகள் ஓடுகின்றன. லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற நிபந்தனையை 2019ல் நீக்கினார்கள், நல்லது. 2021ல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு விதி கொண்டுவந்தார்கள். கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அங்கே தெருவைக் கேட்க மாட்டார்கள், ஃபீஸ் கேட்பார்கள். அந்த ஆறு வாரம் வீட்டில் அடுப்பு எரிய யார் கொடுப்பார்கள்?

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே கிளீனரைத் தொழிலாளி என்றுதான் சொன்னது. பழகுகிற பையனுக்கும் கூலி உண்டு, அவன் ஓட்டிய நேரத்துக்குப் பதிவு உண்டு, பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு என்று நாம் கேட்க வேண்டும். வண்டி வாங்க தாட்கோவில் கடன் கேட்கிறோம். வண்டி பழகுகிற காலத்துக்குக் கூலி கேட்க மறந்துவிட்டோம்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை லாரி செட் பக்கம் போனால் ஒரு கிளீனரோடு டீ குடியுங்கள். எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். "உனக்கு ஸ்டியரிங் கொடுத்தாங்களா?" என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.