நிற்காத கடிகாரம்

நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் சம்பா அறுவடை முடிந்துவிட்டால் கபடிப் போட்டிகளுக்குக் குறைவிருக்காது. காலைக் குத்தும் தாளைச் செதுக்கி எறிந்துவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டால் களம் தயார். எனக்கு ஆட வராது. ஆகவே சென்ற ஆண்டு கடிகாரத்தை என் கையில் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

பாதிக்கு 20 நிமிடம். இடையில் 5 நிமிட ஓய்வு. பாடிச் செல்பவருக்கு 30 விநாடி. (பழைய சடுகுடுவில் மூச்சுதான் கடிகாரம் என்பார் எங்கள் தாத்தா.) நடுவர் சைகை காட்டினாலன்றிக் கடிகாரத்தை நிறுத்தக்கூடாது. நேரம் முடியுமுன் தொடங்கிவிட்ட கடைசிப் பாட்டை மட்டும், நேரம் கடந்தாலும் முடியவிட வேண்டும்.

இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊர் ஒரு புள்ளி முன்னே. 20 விநாடி பாக்கி. எதிரணிப் பையன் ஒருவன் பாடக் கிளம்புகிறான். எங்கள் அணித்தலைவர், எனக்கு மாமா முறை, முந்தைய தீர்ப்பு தவறென்று நடுவரை மறித்துக்கொண்டார். நடுவர் எச்சரித்தார், பச்சை அட்டையும் காட்டினார். கடிகாரத்துக்குரிய சைகையை மட்டும் காட்டவில்லை. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். நானாக நிறுத்தக்கூடாதுதான். ஆனால், "ஐயா, நேரம் ஓடுகிறது" என்று குரல் கொடுப்பதை எந்த விதி தடுத்தது? கொடுக்கவில்லை. நேரம் முடிந்தது.

அந்தப் பையன் என்னிடம் வந்து, "அண்ணே, எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்றான்.

"முடிஞ்சிருச்சு தம்பி."

பிறகு அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் கால்பந்தின் விதிகளைப் படித்தேன். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்! அங்கே குற்றம் செய்தவன் நேரத்தில் லாபம் அடைந்துவிடக் கூடாதென்று தனியாகவே யோசித்திருக்கிறார்கள். ஒரு பாதியின் கடைசி 2 நிமிடத்தில், ஓடும் கடிகாரம் தன் குற்றத்தால் நின்றுவிட்டால், தூரத்தை இழப்பதோடு 10 விநாடியையும் கழித்துவிடும்படி எதிரணி கேட்கலாம். 2011-இல் இந்த விதி வந்தபோது கடைசி ஒரு நிமிடத்துக்குத்தான் இருந்தது. எங்கள் மாமாவைப் போல நேரத்தைக் கரைப்பவர்களுக்கும் மருந்து உண்டு: அப்பட்டமான தந்திரம் என்று தெரிந்தால் கடிகாரத்தை நிறுத்தவோ ஓட்டவோ நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. நம் களத்திலும் நடுவர் கை அசைத்திருந்தால் போதும். அட்டை தண்டித்தது, போன விநாடிகளை அது மீட்டுத் தரவில்லை.

இந்த ஆண்டும் கடிகாரம் என்னிடமே வந்தது. ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் போய், "வாதம் வந்தால் முதலில் என் பக்கம் கை காட்டுங்கள் ஐயா, மறந்தால் நான் எழுந்து நிற்பேன்" என்றேன். இரண்டு முறை எழுந்து நின்றேன். இரண்டாவது முறை வாதாடியவர் மாமாதான். எங்கள் ஊர் இரண்டு புள்ளியில் தோற்றது. மாமா இன்னும் என்னோடு பேசவில்லை. அத்தை மட்டும் வழக்கம்போல் பலகாரம் கொடுத்தனுப்புகிறார்.